தறியில் எதை இயந்திரத்திடம் கொடுப்பது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தானியங்கி உற்பத்தி என்றால் எல்லோரும் கைகாட்டுவது இருங்காட்டுக்கோட்டையையும் ஒரகடத்தையும்தான். 1998-இல் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து ரோபோ என்ற சொல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அதே மாவட்டத்தில், பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத் தெருக்களிலும் இயந்திரம் வீடுவீடாக நுழைந்துகொண்டிருக்கிறது. கார் ஆலையில் எந்த வேலையை ரோபோவிடம் விடுவது என்று முடிவுசெய்ய ஒரு நிர்வாகமே இருக்கிறது. பட்டுத் தொழிலில் அந்தப் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களிடமும் நெசவாளருக்குப் பாவு (நீளவாக்கு நூல்) கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளிகளிடமும் இருக்கிறது. அவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தே அடுத்த தலைமுறை தறியில் உட்காருமா என்பது அமையும்.

தறிக்கு இயந்திரம் புதிதல்ல. 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய பெட்டி இன்றும் காஞ்சித் தறிகளின் தலைமேல் இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை. சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத்துக்குத் துளை அட்டை யோசனையை எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான்.

முன்பெல்லாம் டிசைனர் கட்டம் போட்ட தாளில் மயிலையும் அன்னத்தையும் யாளியையும் கட்டம் கட்டமாக நிரப்புவார். அதைப் பார்த்து இன்னொருவர் அட்டை குத்துவார், வேறொருவர் அட்டைகளை வரிசையாகக் கோப்பார். கணினி வந்ததும் இந்த வேலை சுருங்கியது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த தறியில் அட்டையே இல்லை. பென் டிரைவில் வந்த டிசைனைச் செருகினால் போதும். அட்டை குத்திப் பிழைத்தவர்களுக்கு என்ன மாற்று வேலை என்று யாரும் முன்கூட்டியே யோசித்ததாகத் தெரியவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, கேட்ட மாத்திரத்தில் நூறு பார்டர் டிசைன் வரைந்து தருகிறது.

அந்த நூறில் தறியில் ஏறக்கூடியவை எத்தனை என்பதுதான் கேள்வி. ஜரிகை இழை துணியின்மேல் கட்டுப்படாமல் நீளமாக ஓடினால், உடுத்திய அன்றே வளையலில் மாட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் பூவின் இதழுக்குள்ளும் இடையிடையே ஜரிகையைப் பிடித்துக் கட்டும் புள்ளிகளை டிசைனர் வைக்கிறார். திரையில் அவை கண்ணுக்கே தெரியாது, சேலையின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது. தறி தெரிந்த ஒருவர் சரிபார்க்காமல் கணினி வரைந்ததை நேரே தறிக்கு அனுப்பும் முதலாளி, பட்டையும் ஜரிகையையும் வீணடிக்கிறார்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டு பக்கமும் கரை என்றால் ஊடை இழையைக் கொண்டுசெல்லும் நாடா மூன்று. கரை நாடாவின் இழை உடல் நாடாவின் இழையோடு எல்லையில் கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடையிலும் இது நடக்க வேண்டும். வழக்கமான விசைத்தறியில் ஒரே ஊடை முழு அகலத்துக்கும் ஓடுவதால், உடலின் நிறம் கரையிலும் கலந்து தெரியும். வாங்குபவர் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இருபக்கக் கோர்வைக்கு நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்கள் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான இயக்கங்களால் அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள், அது நடந்தே ஆக வேண்டிய மாற்றம். அதன்பின் துணைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, கோர்வையே வேண்டாம் என்று பல தறிகள் ஒதுங்கின. உண்மையில் இயந்திரத்தின் உதவி தேவைப்படும் இடங்களில் ஒன்று இது. இன்னொன்று மிதி. கனத்த ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்கித் தூக்கி நடு வயதிலேயே முட்டியும் இடுப்பும் போய்விடுகின்றன. மோட்டாராலோ காற்றழுத்தத்தாலோ பெட்டியைத் தூக்கும் அமைப்பு அந்தச் சுமையை இறக்குகிறது. நெய்யும் கையின் வேலை அப்படியே இருக்கிறது.

இதற்கு நல்ல முன்னுதாரணம் தெலங்கானாவில் உண்டு. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை முளைகளில் முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான முறை சுற்றும் ஆசு வேலையைச் செய்த தாயின் தோள்வலியைப் பார்த்து, சிந்தகிந்தி மல்லேசம் அதற்கொரு இயந்திரம் செய்தார். அதற்குத் தாயின் பெயரையே வைத்து லட்சுமி என்றார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். நெசவைத் தொடாமல், உடலை வதைத்த ஒரு வேலையை மட்டும் அவர் இயந்திரத்திடம் கொடுத்தார்.

அந்த எல்லையைக் கடந்து நெசவையே இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன ஆகும்? 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்குகிறது. உச்ச நீதிமன்றம் 1993-இல் அதை உறுதிசெய்தது. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத் தயாரிப்பின்போது, ஒரு வேலையாவது கையால் நடந்தால் அந்தத் தறியையும் கைத்தறி எனலாம் என்றொரு பரிந்துரை வந்தது. கைத்தறித் தரப்பு கடுமையாக எதிர்த்தது, நியாயமான எதிர்ப்பு அது. நாடா வீசுவதும் ஊடையை அடிப்பதும் மோட்டாரிடம் போய்விட்டால், காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு எதைக் காக்கும்?

அதைவிடப் பெரிய கேள்வி கூலி. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். காஞ்சியில் கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. இயந்திரத்தால் சேலை சில நாள் முன்னதாக முடிந்தால், "வேலை சுலபமாகிவிட்டதே" என்று கூலியைக் குறைக்க இடமுண்டு. அப்படி நடந்தால் மிச்சமான நேரத்தின் பலன் கடைக்குப் போகும், நெசவாளர் வீட்டுக்கு வராது. ஒரகடத்தில் மாதச் சம்பளம் வாங்கும் பையனைத் தறிக்கு அழைக்க அதன்பின் எந்த வாதமும் எடுபடாது.

ஆகவே எலக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்கத் தீர்மானம் போடும் சங்கம், அதே கூட்டத்தில் சேலைக் கூலி குறையாது என்றும் தீர்மானம் போட வேண்டும். எந்த இயந்திரம் என்று தேர்வுசெய்யும் குழுவில் தறியில் உட்காருபவர்கள் இருக்க வேண்டும், பெண்கள் உட்பட. சங்கத்தின் பழைய டிசைன்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க யாராவது கேட்டால் இலவசமாகத் தூக்கிக் கொடுக்காமல், எழுத்தில் ஒப்பந்தமும் அதற்கான தொகையும் கேட்க வேண்டும். அந்த டிசைன்கள் பென் டிரைவில் ஏறிய பிறகு விசைத்தறிக் கூடத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகாது.