எப்படி அடிபட்டது?

எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனால் கேஷுவாலிட்டியில் முதலில் கேட்கும் கேள்வி இது. வலியில் இருப்பவரோ கூட வந்தவரோ சொல்வதை டியூட்டி டாக்டர் ஒரு வரியில் எழுதிக்கொள்கிறார். மெடிக்ளைம் கிடைப்பதும் கிடைக்காததும் பல நேரம் அந்த வரியில்தான் இருக்கிறது.

நோயைவிட விபத்துக்கு பாலிசி தாராளமாகவே கைகொடுக்கிறது. புது பாலிசியில் முதல் 30 நாள் நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு அந்தத் தடை இல்லை. மூட்டு மாற்று அறுவைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் அதே பாலிசி, பைக்கிலிருந்து விழுந்து மூட்டு நொறுங்கினால் காத்திருக்கச் சொல்ல முடியாது. அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் வராது. தீக்காயத்தில் சிதைந்த முகத்தைச் சீரமைக்க வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்கு விதிகளிலேயே இவை இருக்கின்றன.

சிக்கல், எது விபத்து என்பதில். திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்த காரணத்தால் உடம்பில் பட்ட அடிதான் பாலிசியின் கணக்கில் விபத்து. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, ஸ்கேனில் டிஸ்க் விலகியிருப்பது தெரிந்தால், அது விபத்தா, பழைய தேய்மானமா? இரண்டாவது என்று நிறுவனம் முடிவுசெய்தால் காத்திருப்புக் காலம் குறுக்கே வந்துவிடும்.

வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் வேதனை. பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவை அழைத்து வரும் மகன், பதற்றத்தில் “தலைசுற்றி விழுந்துட்டாங்க” என்கிறார். ஈரத்தில் வழுக்கியதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் ‘தலைசுற்றல்’ என்று எழுதிவிட்டால், சர்க்கரையா, பிரஷரா, எத்தனை வருடமாக என்று நிறுவனம் தோண்ட ஆரம்பிக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வைக்க விதி இடம் தருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், பார்க்காததை ஊகித்துச் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அந்த வரியைப் படித்து, தவறிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். சாலை விபத்து என்றால், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியிலும் அதே விவரம்தான் இருக்க வேண்டும்.

அந்தக் காப்பியில் மது வாடை என்று குறித்திருந்தால் நிறுவனம் சும்மா விடாது. குடிப்பழக்கமும் அதன் விளைவுகளும் விலக்குப் பட்டியலில் உள்ளன. சாகச விளையாட்டுக் காயமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பொது விதி தொழில்முறையாக அதில் இறங்குபவரைத்தான் சொல்கிறது; சுற்றுலாவில் ஒருமுறை ராஃப்டிங் போனவரை அல்ல. சட்டமீறல் என்ற விலக்கும் குற்ற நோக்கத்தோடு செய்ததற்கு மட்டுமே. ஹெல்மெட் போடாதது குற்ற நோக்கம் ஆகாது.

காயம் விபத்துதான் என்றாலும் சிகிச்சை முறை இடிக்கலாம். அட்மிட் ஆகாமல் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்குத் திரும்பினால், ஓபி செலவுக்குத் தனிப் பிரிவு இல்லாத பாலிசியில் ஒன்றும் வராது. புத்தூர் கட்டுக்குப் போனாலும் இதே கதிதான். அறுவை முடிந்தபின் தேவைப்படும் வாக்கர், கழுத்துப் பட்டை, முழங்கால் பிரேஸ் போன்றவற்றைப் பல பாலிசிகள் ‘தர இயலாதவை’ என்று கழித்துவிடுகின்றன. கால் உடைந்தவருக்கு வாக்கர் சிகிச்சையின் பகுதி இல்லையென்றால் வேறு எது? மாற்றியே ஆக வேண்டிய விதி இது.

சாலை விபத்தில் பாலிசியே இல்லாதவரும் தவிக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழக எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

க்ளைமை மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ‘விதிகளின்படி இயலாது’ என்ற மொட்டைக் கடிதத்தை ஏற்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். மறுப்புக் கடிதத்தோடு கேஷுவாலிட்டி சீட்டின் நகலையும் இணையுங்கள்.