ஊர் கேட்காத 48 மணி நேரம்

டீ வருவதற்குள் தொப்பூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் சரிந்து இறங்குகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வரும் லாரிக்கு அங்கே பிரேக் பிடிப்பதில்லை. அடிபட்டுக் கிடப்பவர் பஞ்சாபிலிருந்து சரக்கு ஏற்றி வந்த டிரைவராக இருக்கலாம். மொழி புரியாது, சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. செலவை யார் ஏற்பது?

அரசு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' அதற்குத்தான். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் வெளிமாநிலத்தவரானாலும் வெளிநாட்டவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. காகிதம் கேட்காத திட்டம் நம் நாட்டில் அபூர்வம் என்பதால் இதை எங்கே போனாலும் புகழ்வேன்.

இப்போது எதிர்த்திசை. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வெளியூர் போகிறார்களே, அவர்கள் கதை என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவருக்குச் சிக்கல் குறைவு. மாநிலம் ஒன்றே, முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கும் செல்லும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, முதலாளி முறையாகப் பதிவு செய்திருந்தால் இ.எஸ்.ஐ.யும் உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25.

பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர் பாடுதான் திண்டாட்டம். ஆயுஷ்மான் பாரத் அட்டை நாடு முழுக்கச் செல்லும், வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் முதல்வர் காப்பீட்டில் இருக்கும் எல்லாக் குடும்பமும் ஆயுஷ்மான் பட்டியலில் இல்லை. மாநிலம் தன் செலவில் சேர்த்தவர்களும் உண்டு. நாம் எந்தப் பக்கம் என்பது அட்டையைப் பார்த்தால் பலருக்கு விளங்காது. ஆஸ்பத்திரி வாசலில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, கிளம்புமுன் 14555-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

பெரிய ஆபரேஷனைவிடச் சுகர், பிரஷர்தான் இவர்களை அதிகம் படுத்துகிறது என்பேன். அட்மிட் ஆனால்தான் காப்பீடு. தினசரி மாத்திரைக்கு இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடு. ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! சென்ட்ரிங் வேலைக்குப் போனவரோ பெங்களூரில் தகரக் கொட்டகையில் இருக்கிறார். கூலியை விட்டு மாத்திரைக்காக யார் ஊருக்கு வருவார்? மாத்திரை நின்று, கால் புண்ணாகி, அதை எடுக்கும் நிலை வந்தால்தான் அட்டைக்கு வேலை வருகிறது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் கர்நாடக அரசின் 'நம்ம கிளினிக்' இருக்கிறது. டாக்டரும் மாத்திரையும் இலவசம். ஊரில் எழுதிக்கொடுத்த பழைய மருந்துச் சீட்டை மட்டும் மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.