கண்களை மூடச் சொல்லாத யோகா

யோகா வகுப்பு என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. வரிசையாக விரித்த பாய்கள், மங்கிய விளக்கொளி, மெல்லிய இசை. "கண்களை மூடிக்கொள்ளுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள், உடலைத் தளர்த்துங்கள்" என்கிறார் ஆசிரியர். யாருடைய முதுகேனும் வளைந்திருந்தால் பின்னாலிருந்து வந்து தொட்டு நிமிர்த்துகிறார். பலருக்கு இது இதமான அனுபவம்தான். ஆனால் வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளான ஒருவருக்கு இவற்றுள் ஒவ்வொன்றும் அச்சுறுத்தலாக மாறக்கூடும். கண்களை மூடினால் அறைக்குள் யார் வருகிறார் என்பது தெரியாது. மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம், தப்பிக்க இயலாதிருந்த ஒரு பொழுதை உடலுக்கு நினைவூட்டலாம். பின்னாலிருந்து வரும் கை எவ்வளவு கனிவானதாயினும், அது எதிர்பாராத கை.

"யோகா செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று அன்போடு வற்புறுத்தி அழைத்துச் சென்ற குடும்பத்தினர், மகளோ தம்பியோ வகுப்பின் நடுவே எழுந்து வெளியேறுவதைக் கண்டு மனம் சோர்வதுண்டு. நோயர் ஒத்துழைக்கவில்லை என்றே அவர்கள் கருதிவிடுகின்றனர். உண்மையில் அவ்வகுப்பு அவருக்கென அமைக்கப்பட்டதன்று. அவருக்கென அமைக்கப்பட்ட யோகா ஒன்று உண்டு. மனக்காயத்தை உணர்ந்து நடத்தப்படும் அந்தப் பயிற்சியை உளவியல் சிகிச்சையோடு இணைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பேராபத்து நேரும்போது உடல் எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது உறைந்துபோகிறது. ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சிலரது உடல் அதனை ஏற்பதில்லை. கதவு அறையும் ஓசைக்கே தூக்கிவாரிப் போடுகிறது, உறக்கம் கலைகிறது, நெஞ்சு படபடக்கிறது. வேறு சிலருக்கு இதற்கு நேர்மாறாக உடல் மரத்துவிடுகிறது. பசியும் களைப்பும் வலியும்கூட உரிய நேரத்தில் தெரிவதில்லை. இத்தகையோரிடம் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சொற்கள் வராமற்போவது இயல்பே. சொல்லத் தொடங்கியவுடன் அந்நிகழ்வு மீண்டும் இப்போது நடப்பதுபோல் தோன்றி, அடுத்த அமர்வுக்கே வராமல் நின்றுவிடுவோரும் உளர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்ளைன் என்னும் ஊரில் இயங்கிய மனக்காயச் சிகிச்சை மையம் ஒன்றில், 2000களின் தொடக்கத்தில் இதற்கொரு வழி தேடப்பட்டது. உளநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் நிறுவிய மையம் அது. அங்கே டேவிட் எமர்சன் என்னும் யோகா ஆசிரியர், மருத்துவர்களோடு சேர்ந்து வழக்கமான வகுப்பின் கூறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மாற்றியமைத்தார். ஆசிரியர் எவரையும் தொடுவதில்லை. கண்களை மூட வேண்டிய கட்டாயமில்லை. ஆசனம் 'சரியாக' அமைய வேண்டும் என்ற இலக்கும் இல்லை. ஆசிரியர் நடந்து சென்று மேற்பார்வையிடாமல், தம் இடத்திலேயே இருந்து தாமும் உடன் செய்கிறார்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் மொழியில் நிகழ்ந்தது. கட்டளைகள் நீங்கி அழைப்புகள் வந்தன. இதற்கு நம் தமிழ் மிக இசைவான மொழி என்பது என் எண்ணம். "கையைத் தூக்குங்கள்" என்பதற்கும் "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பார்க்கலாம்" என்பதற்கும் உள்ள தொலைவை நாம் விளக்காமலே அறிவோம். "ஒரு கையை உயர்த்திப் பார்க்கலாம், இரண்டையும் உயர்த்திப் பார்க்கலாம், அப்படியே இருக்கவும் செய்யலாம்" என்று ஆசிரியர் கூறும்போது, மூன்றுமே உண்மையான தெரிவுகள். மூன்றாவதைத் தெரிந்தவரை ஆசிரியர் ஒரு பார்வையாலும் குறை சொல்வதில்லை. ("விருப்பமிருந்தால்" என்ற சொல்லைக் கட்டளைக் குரலிலும் சொல்ல முடியும். நோயர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.)

இது வெறும் மரியாதை என்று தோன்றலாம். சிகிச்சையின் உட்பொருளே இதில்தான் உள்ளது. மனக்காயம் நேர்ந்த பொழுதில் அவருடைய உடலுக்கு நேர்ந்ததை முடிவு செய்தவர் வேறொருவர். இப்போது கையை எவ்வளவு உயர்த்துவது, எப்போது தாழ்த்துவது என்பதை அவரே முடிவு செய்கிறார். தோளில் ஏற்படும் இழுவையைக் கவனிக்கிறார், அது தாங்கக்கூடியதா என்று தாமே அறிகிறார், அதற்கேற்பச் செயல்படுகிறார். மரத்துப்போன உடலின் உணர்வு இவ்வாறு சிறுகச் சிறுகத் திரும்புகிறது. நடந்தது என்ன என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

இதற்குச் சான்று உண்டா என்ற வினா நியாயமானது. பிற சிகிச்சைகளால் போதிய பயன் பெறாத, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோய் கொண்ட 64 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்றை மேற்கூறிய மையத்தைச் சேர்ந்தோர் 2014-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகா. மற்றப் பிரிவினர்க்கு அதே கால அளவில் பெண்கள் நலக் கல்வி. முடிவில் யோகா பிரிவில் 31 பேரில் 16 பேரிடம் அந்நோய்க்குரிய வரையறை பொருந்தவில்லை. மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேர். முதற்பாதியில் இரு பிரிவினரும் தேறினர் என்பதும், பின்னர் யோகா பிரிவினர் மட்டுமே அத்தேற்றத்தைத் தக்கவைத்தனர் என்பதும் கவனிக்கத்தக்கவை. 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, படைப்பணியின்போது பாலியல் கொடுமைக்கு ஆளான 131 அமெரிக்க முன்னாள் படைவீராங்கனைகளைப் பற்றியது. எண்ணங்களை ஆராய்ந்து சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சைக்கு இணையான பயனை இவ்வகை யோகா அளித்தது. பாதியில் நிறுத்தாமல் முழுமையாக முடித்தவர்களும் யோகா பிரிவிலேயே மிகுதி. இரு ஆய்வுகளும் பெண்களை மட்டுமே கொண்டவை. பங்கேற்றோர் எண்ணிக்கையும் பெரிதன்று. ஆகவே இதனை எல்லார்க்குமான மருந்தாகக் கொள்ளலாகாது. 2014 ஆய்வும் யோகாவைத் துணைச் சிகிச்சையாகவே கருதியது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு யோகாவுக்கு மாறுவது ஆபத்தானது.

சிகிச்சை அறையில் இது மிக எளிய வடிவில் இடம்பெறலாம். பாய்கூட வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, பாதங்கள் தரையில் படுவதைக் கவனிப்பதும், தோள்களை மெல்லச் சுழற்றிப் பார்ப்பதும் போதும். பேசிக்கொண்டிருக்கையில் நோயரின் முகம் வெளிறி, பார்வை எங்கோ நிலைத்துவிட்டால், சிகிச்சையாளர் பேச்சை நிறுத்திவிட்டுக் காலால் தரையை அழுத்திப் பார்க்க அழைக்கலாம். ஓரிரு நிமிடத்தில் அவர் இந்த அறைக்கு, இந்த நாளுக்குத் திரும்புவார். அதன்பின் தொடர்வதா வேண்டாவா என்பதையும் அவரே சொல்வார். மூச்சுப் பயிற்சியில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மூச்சை அடக்குவதும், கபாலபாதி போன்று விரைந்து மூச்சுவிடுவதும் சிலருக்குப் பதற்றத்தைத் தூண்டிவிடும். மூச்சைக் கவனிப்பதே சங்கடம் தருமாயின் கைகால் அசைவிலேயே நின்றுகொள்ளலாம்.

வீட்டில் உடனிருப்போர்க்குச் சில சொற்கள். அவர் பயிற்சி செய்யும்போது முதுகை நிமிர்த்தச் சொல்லாதீர்கள், தொட்டுத் திருத்தாதீர்கள், கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். கதவைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்று அவரையே கேளுங்கள். கூடவே அமர்ந்து நீங்களும் செய்யலாம், அவருக்கு அதில் விருப்பமிருந்தால். "இன்று செய்தாயா?" என்று மாத்திரையைக் கேட்பதுபோல் நாள்தோறும் கேட்பது எதிர்விளைவைத் தரும். நலம் நாடியே கேட்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கேள்வியால் அவருடைய தெரிவு மீண்டும் பிறர் கைக்குப் போய்விடுகிறது. பயிற்சிக்குப் பின் அவர் அழுதால் அருகில் இருங்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. அழுகையோ கெட்ட கனவோ சில நாட்கள் தொடர்ந்தால் சிகிச்சையாளரிடம் தெரிவியுங்கள்.

வெளியே வகுப்பைத் தேடுவோர் ஆசிரியரிடம் முதலிலேயே இரண்டு செய்திகளைக் கேட்டறிவது நல்லது: மாணவரைத் தொட்டுத் திருத்துவாரா, வகுப்பின் நடுவே எழுந்து செல்லலாமா. உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய தேவையில்லை. "என்னைத் தொடாமல் சொல்லிக்கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். காரணம் கேட்டு வற்புறுத்தும் ஆசிரியரிடம் சேர வேண்டாம். முதுகுவலி, இரத்த அழுத்தம், கருவுற்றிருத்தல் முதலியவற்றையும், இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் அவற்றையும், பயிற்சி தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் கூறுங்கள். முதல் நாள் கதவருகே உள்ள இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று முழுதும் அங்கே வெறுமனே அமர்ந்திருந்து திரும்பினாலும் சரியே.