வாடகைக் காரின்றி மூன்று நாடுகள்: முதல் அயல்நாட்டுப் பயணத்தைத் திட்டமிடல்

முன்னுரை

'செலவு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் 'பயணம்' என்பது பொருள். தலைவன் பிரிந்து செல்லத் துணிந்து, பின் அப்பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் நூல்கள் வகுத்துரைக்கும். இன்று அச்சொல் பணம் கரைவதையே குறிக்கின்றது. நம் மாணவர் குடும்பங்களில் முதல் அயல்நாட்டுப் பயணம் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. பல்லாண்டுச் சேமிப்பு ஒரே பயணத்தில் கரைகின்றது. ஆதலின் வரிசை தவறிய ஒரு சீட்டுக்கூடப் பேரிழப்பாகிவிடும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து புறப்படும் ஒருவர், வாடகைக் கார் எடுக்காமல் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் கண்டு திரும்புவது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் இந்த மூன்று நாடுகள்?

இது நம்மவர்க்குப் புதிய வழியன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அங்குச் 'சூலியா' என்று அழைக்கப்பட்டனர். பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் தோன்றிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், அதே நகரில் 1830-இல் கட்டி முடிக்கப்பெற்ற நாகூர் தர்காவும் அவர்தம் சுவடுகளாகும். பின்னாளில் 'ரஜூலா', 'சிதம்பரம்' முதலிய கப்பல்கள் மக்களை ஏற்றிச் சென்றன. 1985-இல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணம் நின்றுபோயிற்று. இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி வானூர்திகள் உள்ளன. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாதலின், முதன்முறை செல்வோர்க்கு அச்சம் பாதியாகக் குறையும்.

கார் வேண்டாமைக்குக் காரணம்

மூன்று நாடுகளிலும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கமாகத்தான் வண்டிகள் செல்கின்றன. ஆயினும் வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்ட உரிமையாளரின் இசைவும் தனிக் காப்புறுதியும் வேண்டும். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. சிங்கப்பூரிலோ சாலைக் கட்டணமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் மிகுதி. பேருந்தும் தொடர்வண்டியும் செம்மையாக ஓடும் நாட்டில் இச்சுமை தேவையற்றது.

வழியை வகுக்கும் முறை

முதல் விதி, சென்ற வழியே திரும்பாமை. சிங்கப்பூருக்குச் செல்ல ஒரு சீட்டும், கோலாலம்பூரிலிருந்து திரும்ப ஒரு சீட்டும் எடுத்தால், மீண்டும் சிங்கப்பூருக்கு வரும் பொழுதும் பணமும் மிச்சமாகும்; அந்நாட்டிற்குள் ஒருமுறை நுழைந்தாலே போதும்.

இரண்டாம் விதி, ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவுகளேனும் தங்குதல். நாள்தோறும் ஊர் மாறுபவர் பேருந்து நிலையங்களையே கண்டு திரும்புவர்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி ஏறத்தாழ 140 கி.மீ. அங்கிருந்து சிங்கப்பூருக்கு வானில் சுமார் நான்கு மணி நேரம். நகருக்குள் எம்.ஆர்.டி. தொடர்வண்டியே போதுமானது.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தின் வழியே பேருந்தில் செல்லலாம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடித்து மீண்டும் பேருந்தேற வேண்டும், மறுகரையிலும் அவ்வாறே. ஆகவே ஒருவர் தாமே தூக்கிச் செல்லக்கூடிய ஒரே பெட்டி போதும். விடுமுறை நாள்களில் அங்கு நெரிசல் மிகுதி. வார நாளில் முற்பகலில் கடப்பது நன்று.

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்தொடர்வண்டியில் சுமார் நான்கு மணி நேரம். இறங்கியதும் படகேறிப் பினாங்கின் ஜார்ஜ் டவுனை அடையலாம். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த நகரம் அது. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சுமந்து விற்ற சோறே இன்று 'நாசி கண்டார்' என்னும் பெயருடன் அந்நகரின் அடையாள உணவாகத் திகழ்கின்றது.

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை பயணிகள் தொடர்வண்டி செல்கின்றது. அந்நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். பின் வேறு வண்டியில் ஏறினால் ஒரு மணி நேர அளவில் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரம். மலேசிய நேரத்தைவிடத் தாய்லாந்து நேரம் ஒரு மணி பிந்தியது. இதனை மறந்தால் வண்டியைத் தவறவிட நேரும். இப்பகுதியை மட்டும் விருப்பப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். நாள் குறைந்தால் பினாங்கிலிருந்தே திரும்பலாம்.

ஆவணங்கள்

கடவுச்சீட்டு ஆறு மாதத்திற்குக் குறையாமல் செல்லுபடியாதல் வேண்டும். சேலத்திலேயே அஞ்சலகக் கடவுச்சீட்டு மையம் உள்ளது. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா பெறுதல் கட்டாயம். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்க்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விலக்கை அறிவித்தது. இத்தகைய விலக்குகள் காலத்திற்கேற்ப மாறுவன ஆதலால், சீட்டு வாங்குமுன் தூதரக அறிவிப்பைப் பார்த்தல் இன்றியமையாதது. மூன்று நாடுகளும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையவழி வருகை அட்டையை நிரப்பக் கோருகின்றன. தாய்லாந்து சென்று மலேசியாவுக்குள் மீளும்போது புதிய அட்டை நிரப்ப வேண்டும். திரும்பும் சீட்டு, தங்குமிடச் சான்று, கைச்செலவுப் பணம் ஆகியவற்றை எல்லையில் கேட்கக்கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள்

தாய்மார் அன்புடன் கட்டித்தரும் பொட்டலத்தில் கசகசா இருத்தலாகாது. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் அவ்வாறே.

மற்றொன்று இதனினும் பெரிது. சுற்றுலா இசைவில் சென்று வேலை பார்ப்பது மூன்று நாடுகளிலும் குற்றம். "முதலில் சுற்றுலாவாகப் போ, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த முகவர் சொன்னாலும், அவர் காட்டுவது சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் இட்டுச்செல்லும் வழி. வேலைக்குச் செல்வோர் வேலைக்குரிய இசைவுடனேயே செல்லுதல் வேண்டும். பெரியோர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதனை வலியுறுத்திக் கூறுவது கடமையாகும்.

முடிவுரை

கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1937 முதல் காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டங்கள் பல கடந்து, 1940-இல் அவ்வாவணப் படத்தை வெளியிட்டார். அவருக்கு இருந்த வசதியைவிட நமக்கு வசதி மிகுதி. வேண்டுவது ஒழுங்கு ஒன்றே. நாள், ஊர், வண்டி, தங்குமிடம், தொகை என ஐந்து பத்தியிட்டு ஒரு தாளில் எழுதுக. அதன் படியொன்றைக் கடவுச்சீட்டின் நகலோடு வீட்டில் விட்டுச் செல்க. எந்த நாள் எந்த ஊரில் பிள்ளை இருக்கிறான் என்று தாள் பார்த்துச் சொல்ல முடிந்தால், இல்லத்தாரும் நிம்மதியாக உறங்குவர். செல்பவரும் செலவழுங்க வேண்டியதில்லை.