காது வழியே குடியேறிய ஊர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காம் நகருக்குத் தெற்கே இருப்பதாகச் சொல்லப்படும் ஆம்பிரிட்ஜ் என்ற சிற்றூர் எந்த நிலப்படத்திலும் இல்லை. அதை உள்ளடக்கிய போர்செட்ஷயர் மாவட்டமும் கற்பனையே. ஆயினும், 1951 ஜனவரி 1 முதல் பிபிசி வானொலியில் நாடெங்கும் ஒலித்துவரும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற தொடர் நாடகத்தின் வழியாக, அவ்வூரின் பண்ணைகளையும், ‘தி புல்’ என்னும் மதுக்கூடத்தையும், தேவாலயத்தையும், கிரிக்கெட் திடலையும் தாம் வாழும் தெருவைப் போல அறிந்தவர்கள் பிரிட்டனில் பல லட்சம் பேர் உள்ளனர். உலகிலேயே மிக நீண்ட காலமாக ஓடிக்கொண்டிருக்கும் நாடகத் தொடர் என்ற பெயர் பெற்ற இதன் நேயர்களில் பலர், பெற்றோர் கேட்டதைச் சிறுவயதில் உடனிருந்து கேட்டு, பின்னர் தம் பிள்ளைகளுக்கும் அப்பழக்கத்தை விட்டுச் செல்பவர்கள்.

இத்தகைய தொடர்களை ஆங்கிலத்தில் ‘சோப் ஓபரா’ என்பர். 1930களில் அமெரிக்க வானொலியில் பகல்நேரக் குடும்பத் தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரப் பணம் கொடுத்ததால் வந்த பெயர் அது. விளம்பரமே இல்லாத பிபிசியில் இத்தொடர் பிறந்ததற்குக் காரணம் வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் பிரிட்டனில் உணவுப் பங்கீட்டு முறை 1954 வரை நீடித்தது. விளைச்சலைப் பெருக்க வேண்டிய அரசு, புதிய வேளாண் முறைகளைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுசேர்க்க வழி தேடிக்கொண்டிருந்தது. 1948இல் பர்மிங்காமில் விவசாயிகளும் ஒலிபரப்பாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ‘டிக் பார்ட்டன்’ என்ற துப்பறியும் தொடரைப் போல விவசாயத்துக்கும் ஒன்று வேண்டும் என்று விவசாயி ஒருவர் எழுந்து சொன்னார். பலருக்கு வேடிக்கையாகப் பட்ட அந்த யோசனையைக் காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் பற்றிக்கொண்டு, டிக் பார்ட்டனின் எழுத்தாளர்கள் இருவரையே அழைத்துவந்து எழுதவைத்தார். 1950இல் ஒரு வாரம் நடுப்பகுதி மாவட்டங்களில் மட்டும் வெள்ளோட்டம் பார்க்கப்பட்ட பின், அடுத்த புத்தாண்டு நாளில் தொடர் நாடு முழுவதற்கும் சென்றது. வேளாண் அமைச்சகத்தின் ஒத்துழைப்போடு, மாட்டு நோய், உரம், தீவனம் பற்றிய செய்திகள் பாத்திரங்களின் பேச்சினூடே கலந்து வந்தன. கல்வி புகட்டும் அந்தக் கடமை 1972இல் கைவிடப்பட்டாலும், வேளாண் செய்திகள் பிழையின்றி இருக்கப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கதை ஆசிரியர் இன்றும் இருக்கிறார்.

அந்தத் தொடக்ககால நோக்கம் வேறு நாடுகளில் புதிய உயிர் பெற்றது. போரால் சிதைந்த ஆப்கானிஸ்தானில், ‘தி ஆர்ச்சர்ஸ்’ மாதிரியில் பஷ்தோ, தாரி ஆகிய இரு மொழிகளிலும் 1994இல் பிபிசி தொடங்கிய ‘புதிய இல்லம், புதிய வாழ்வு’ என்ற கிராமத் தொடர், கண்ணிவெடியைக் கண்டால் தொடாமல் விலகுவது முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது வரை உயிர்காக்கும் செய்திகளைக் கதைக்குள் வைத்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தால் போதும் என்ற நிலையில், நாடகத்தின் இத்தகைய பயனைச் சிறியது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆம்பிரிட்ஜுக்கு வருவோம். மாலை 7 மணிச் செய்திச் சுருக்கம் முடிந்ததும், ஆர்தர் வுட் 1924இல் இயற்றிய ‘பார்விக் கிரீன்’ என்ற துள்ளலான நடன இசை எழுகிறது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 13 நிமிடம் நாடகம். தவறவிட்டவர்களுக்கு மறுநாள் பிற்பகலில் மறு ஒலிபரப்பும், ஞாயிறு முற்பகலில் ஒரு வாரப் பகுதிகளைச் சேர்த்துத் தரும் ‘ஆம்னிபஸ்’ என்ற தொகுப்பும் உண்டு. இன்னார் இன்ன இடத்தில் நிற்கிறார் என்று விளக்கும் கதைசொல்லி கிடையாது. இடமும் பொழுதும் ஒலியால் மட்டுமே உணர்த்தப்படுகின்றன. ஆட்டுக்குட்டி பிறந்து வைக்கோலில் விழும் ஓசைக்காக, தயிரில் தோய்த்த ஈரத் துண்டை ஒலிக்கூடத்தில் ஒருவர் தரையில் பொத்தென்று போடுகிறார். பண்ணையின் இரும்புக் கதவு கிரீச்சிடுவதற்கு ஒரு பழைய இஸ்திரிப் பலகை பயன்படுகிறது. கேட்பவரின் மனத்தில் இவ்வொலிகள் ஈரமண் வாசனையோடு கூடிய அதிகாலைப் பட்டியாகவே விரிகின்றன. பாத்திரங்களின் முகத்தையும் வீட்டு முற்றத்தையும் அவரவரே வரைந்துகொள்ள வேண்டியிருப்பதால், நேயர் ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஆம்பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. தாமே கட்டிய ஊர் என்பதால்தான் அதன்மீது இத்தனை உரிமையும் பிறக்கிறது.

எனினும் இப்பற்றின் ஆணிவேர் காலத்தில்தான் இருக்கிறது. கேட்பவருக்குக் கிறிஸ்துமஸ் வரும் நாளில் ஆம்பிரிட்ஜிலும் கிறிஸ்துமஸ் வருகிறது. நாட்டில் அறுவடை நடக்கும் வாரத்தில் அங்கும் அறுவடை நடக்கிறது. ஆண்டு ஒன்று கழிந்தால் பாத்திரங்களுக்கும் வயது ஒன்று கூடுகிறது. புரூக்ஃபீல்டு பண்ணையில் டேன், அவர் மகன் ஃபில், அவர் மகன் டேவிட், அவர் மகள் பிப், பிப்பின் மகள் ரோசி என்று ஐந்து தலைமுறைகள் வந்துவிட்டன. ஃபில் பாத்திரத்துக்கு 1950இன் வெள்ளோட்டம் முதல் குரல் கொடுத்த நார்மன் பெயின்டிங், 2009 அக்டோபரில் தாம் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை ஒலிப்பதிவுக்கு வந்தார். அதே வெள்ளோட்டத்தில் பெகியாக நடித்த ஜூன் ஸ்பென்சர், இடையே சில ஆண்டுகள் விலகியிருந்தது போக, 2022இல் தம் 103ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார். இளம்பெண்ணின் குரலாகத் தொடங்கி முதுமையின் நடுக்கம் ஏறும் வரை ஒரே குரலை எழுபது ஆண்டுகளாகக் கேட்டு வந்தவருக்கு அது கதாபாத்திரம் என்ற எல்லையைக் கடந்து உறவினரின் குரலாகிவிடுவதில் வியப்பில்லை.

இத்தொடரின் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் நாள் 1955 செப்டம்பர் 22. பிரிட்டனின் முதல் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கிய அன்றிரவு, ஃபில்லின் இளம் மனைவி கிரேஸ், தீப்பற்றிய லாயத்திலிருந்து குதிரையைக் காக்கப் போய் உயிரிழந்தாள். மறுநாள் செய்தித்தாள்களில் புதிய தொலைக்காட்சியோடு அவளுடைய சாவும் பெரிதாகப் பேசப்பட்டது. அது பெரும் பரபரப்புதான்; ஆனால் நேயரைப் பல பத்தாண்டுகள் கட்டிப்போடும் ஆற்றல் அத்தகைய அதிர்ச்சிகளுக்கு இல்லை. பெகியின் கணவர் ஜாக் வூலிக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் வந்த கதையே அதற்குச் சான்று. முதலில் ஒரு பெயர் மறந்தது, பிறகு ஒரு பொருள் இடம் மாறியது, பின்னர் மனைவியே அந்நியரானார் என்று, நோய் ஒரு வீட்டில் எவ்வளவு மெதுவாகப் பரவுமோ அவ்வளவு மெதுவாக அக்கதை ஆண்டுக்கணக்கில் நகர்ந்தது. பெகியாக நடித்த ஜூன் ஸ்பென்சரின் சொந்தக் கணவரும் அதே நோயால் துன்புற்றவர். இரண்டு மணி நேரத் திரைப்படத்தால் ஒருபோதும் தர முடியாத பொறுமையை அன்றாடம் 13 நிமிடம் என்ற சிறிய அளவு தந்தது.

அதே பொறுமைதான் ஹெலன் என்ற பெண்ணின் கதையையும் நாடறியச் செய்தது. கணவன் ராப், அவள் அணியும் உடை, செலவழிக்கும் பணம், பேசும் தோழி என ஒவ்வொன்றாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்து, அவளுடைய மனநலத்தையே அவளைச் சந்தேகிக்க வைத்ததை நேயர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டனர். தொடக்கத்தில் அவனை அன்பானவன் என்று நம்பிய பலர், தாமும் ஏமாற்றப்பட்டதை மெல்ல உணர்ந்தனர். அடிக்காமலே ஒருவரை அடிமையாக்கும் இவ்வகைக் கட்டுப்படுத்தலை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் சட்டம் 2015 டிசம்பரில்தான் குற்றமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2016 ஏப்ரலில் ஹெலன் ராப்பைக் கத்தியால் குத்திக் கைதானபோது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக நேயர்கள் திரட்டிய நன்கொடை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. செப்டம்பரில் நடுவர் குழு அவளை விடுவித்தது. இல்லாத ஒரு பெண்ணுக்காகக் கசிந்த மனம் இருக்கும் பெண்களுக்கு உதவியாக மாறிய இந்நிகழ்வு, இத்தொடரின் நேயர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது.

நெடுநாள் நேயர்களின் நினைவாற்றல் எழுத்தாளர்களுக்குத் துணையும் சுமையும் ஆகும். ஊரில் பேர்மட்டும் அடிபட்டு, ஆண்டுக்கணக்கில் வாயே திறக்காத பாத்திரங்கள் சிலர் உண்டு. புரூ ஃபாரஸ்ட் அவ்வாறு நெடுங்காலம் பேசாமல் இருந்து, 1989இல் 10,000ஆவது பகுதிக்காக நடிகை ஜூடி டென்ச்சின் குரலில் பேசியது நேயர்களுக்குத் திருநாளாயிற்று. ஊருக்குள்ளேயே இருந்தும் குரல் கேட்காத இவர்களுடைய நிலை, நேயருடைய நிலையே அல்லவா? 

நேயர் அவ்வூரில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது 2020இல் தெளிவாயிற்று. பகுதிகள் சில வாரங்களுக்கு முன்பே பதிவாகிவிடுவதால், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில் ஆம்பிரிட்ஜில் மட்டும் தொற்று இல்லாமல் இருந்தது. பின்னர் நடிகர்கள் தத்தம் வீடுகளிலிருந்தே பதிவுசெய்ய வேண்டி வந்தபோது, பாத்திரங்கள் தனித்தனியே தம் மனத்தில் ஓடுவதைச் சொல்லும் தனிமொழிகளாகத் தொடர் மாறியது. நிலைமையின் நெருக்கடியை அறிந்திருந்தும் நேயர்கள் பலரால் அதை ஏற்க முடியவில்லை. ரகசியங்களை நேராகத் தம் காதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரார் ஒருவரோடொருவர் பேசுவது காதில் விழ, சொல்லாமல் விட்டதைத் தாமே ஊகித்துக்கொள்வதுதான் அவர்களுக்குப் பழக்கம். உரையாடல்கள் படிப்படியாகத் திரும்பிய பிறகுதான் ஆம்பிரிட்ஜ் அவர்களுக்கு மீண்டும் ஊராயிற்று.