ஊருக்கு எத்தனை மார்க்?

செமஸ்டர் ரிசல்ட் வந்தா சப்ஜெக்ட் வாரியா தோண்டித் துருவுறோம். எதுல பார்டர், எதுல அரியர்னு பார்க்காம தூக்கம் வராது. ஆனா ஒரு ஊருக்கு மார்க் போட்டு, 'வாழத் தகுந்த நகரங்கள்ல இது நாலாவது இடம்'னு யாராவது சொன்னா மட்டும் ஒரு ஸ்மைலியோட ஃபார்வர்டு பண்ணிட்டுப் போயிடுறோம். கொஸ்டின் பேப்பர் செட் பண்ணது யாரு, என்ன சிலபஸ்னு கேட்குறதே இல்ல. இந்த வாரம் கேட்டுப் பார்த்துடுவோமா மக்களே?

அதுக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர், மறைமலை நகர். தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு லோக்கல்ல போனா பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் தாண்டினதும் வருமே, அதேதான். சென்னையோட நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. திட்டம் போட்டு உருவாக்கின துணை நகரம். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளோட பேரைத் தாங்கி நிக்குது. (இந்தக் கட்டுரையில நான் அடிக்கிற இங்கிலீஷைப் பார்த்தா அவர் என்ன சொல்வாரோ!)

1990-களோட கடைசியில இங்கே ஃபோர்டு தொழிற்சாலை வந்தது. சுமார் 350 ஏக்கர். வருஷத்துக்கு 2 லட்சம் கார், 3 லட்சத்து 40 ஆயிரம் இன்ஜின் தயாரிக்கிற அளவுக்குப் பெருசு. ஐகான், எக்கோஸ்போர்ட் எல்லாம் இங்கே பொறந்த வண்டிங்கதான். 2021 செப்டம்பர்ல, 'இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்'னு கம்பெனி அறிவிச்சது. நாடு முழுக்க சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவாங்கன்னு அவங்களே கணக்கும் சொன்னாங்க. 2022 ஜூலையில கடைசி கார் வெளியே வந்தது.

இப்போ கேள்வி. கேட் மூடின மறுநாள், மறைமலை நகர் வாழறதுக்கு நல்ல ஊரா ஆச்சா, மோசமான ஊரா ஆச்சா?

முதல்ல காத்தைக் கேட்போம். ஏ.க்யூ.ஐ.ன்னு தினமும் செல்போன்ல பார்க்குறீங்களே, அது 2015-ல இந்தியா முழுசுக்கும் வந்தது. பி.எம். 10, பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம்னு எட்டு பேப்பர். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மார்க். இங்கேதான் மேட்டர் இருக்கு. எட்டையும் கூட்டி சராசரி எடுக்க மாட்டாங்க. எது ரொம்ப மோசமோ, அதுதான் அன்னைக்கு ஏ.க்யூ.ஐ. தூசிக்கு 140, மத்ததெல்லாம் 40-னு வந்தா, ரிசல்ட் 140-தான். ஒரு பேப்பர்ல அரியர்னா மொத்தமும் அரியர். எனக்கு இந்த கறார் ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஆனா சிலபஸ்ல ஓட்டை இருக்கு. கார் ஃபேக்டரின்னா பெயின்ட் ஷாப் இல்லாம இருக்காது. அங்கே இருந்து வர்ற கரைப்பான் ஆவி இந்த எட்டு பேப்பர்ல எதுலயும் கிடையாது. பென்சீனுக்கு 2009-ல வந்த தேசிய காற்றுத் தர விதியில அளவு இருக்கு, ஏ.க்யூ.ஐ. கணக்குல இல்ல. பாஸ் மார்க்கும் ஊருக்கு ஊர் மாறும். பி.எம். 2.5-க்கு 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராம் வரைக்கும் நம்ம ஏ.க்யூ.ஐ.யில 'திருப்தி'. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன அளவு 15. அதுவும் சராசரிங்கிறதை மறந்துடாதீங்க. ஒரகடம் பக்கம் இருந்து ராத்திரி லாரிங்க வரிசை கட்டி வந்து ஒரு மணி நேரம் புகை கக்கினாலும், பகல்ல அடிக்கிற காத்து அந்தக் கணக்கைக் கரைச்சிடும்.

சரி, காத்து சுத்தமாயிட்டா ஊர் நல்லாயிட்டதா அர்த்தமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்னு ஒரு பழைய ஸ்டீல் சிட்டி செம உதாரணம். 1940-கள்ல அங்கே பட்டப்பகல்ல தெருவிளக்கு போடுற அளவுக்குப் புகை. அப்புறம் காத்தும் தெளிஞ்சது, ஆலைகளும் ஒண்ணொண்ணா மூடிச்சு. 1985-ல வந்த ஒரு பிரபலமான ரேட்டிங் புத்தகம், 'அமெரிக்காவுல வாழ பெஸ்ட் இடம்'னு பிட்ஸ்பர்க்குக்கு முதல் ரேங்க் கொடுத்துச்சு. அடுத்த வருஷமே அங்கே ஹோம்ஸ்டெட் ஸ்டீல் ஆலைக்குப் பூட்டு! 1950-ல 6 லட்சத்து 70 ஆயிரம் பேரைத் தாண்டி இருந்த நகரத்துல, 1990-ல சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் பேர்தான். வாழ பெஸ்ட் ஊர்ல இருந்து ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்காங்க.

எப்படி இது? அங்கே மார்க்கைக் கூட்டிட்டாங்க. வீடு, மருத்துவம், கல்வி, கலைன்னு பல பேப்பர்ல வாங்கினது, வேலை பேப்பர்ல விட்டதை மூடிடுச்சு. ஏ.க்யூ.ஐ.க்கு நேர் எதிர் கணக்கு.

நம்ம ஊர் கணக்கும் கூட்டல்தான். மத்திய அரசோட 'ஈஸ் ஆஃப் லிவிங்' 2020 பட்டியல்ல, பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கிற நகரங்கள்ல சென்னைக்கு நாலாவது இடம், கோவைக்கு ஏழாவது. வாழ்க்கைத் தரத்துக்கு 35 மார்க், மக்கள்கிட்ட எடுத்த கருத்துக்கு 30, சுற்றுச்சூழல் சமாச்சாரங்களுக்கு 20, பொருளாதாரத்துக்கு வெறும் 15. மொத்தம் 111 நகரங்கள்தான் பரீட்சை எழுதிச்சு. ஸ்மார்ட் சிட்டிங்க, பெரிய நகரங்க. மறைமலை நகருக்கு ஹால் டிக்கெட்டே கிடையாது. சென்னைக்கு வர்ற காரும் செல்போனும் தயாராகிற ஏரியாவுக்கு மார்க் ஷீட் இல்லைங்கிறது எனக்கு அநியாயமாத்தான் படுது.

ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலையும் 2014 நவம்பர்ல இப்படித்தான் மூடிச்சு. பின்னாடி சால்காம்ப் அந்த இடத்தை எடுத்துக்கிட்டது. மறைமலை நகருக்கும் அடுத்த ரீல் ஓடப் போகுது. 2025 அக்டோபர்ல ஃபோர்டு தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டிருக்கு. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் இன்ஜின், 600-க்கு மேல வேலை, 2029-ல உற்பத்தி ஆரம்பம்னு திட்டம். அப்போ 'ஊர் நல்லாயிடுச்சு'னு ஒருத்தர் சொல்வார், 'கெட்டுப் போச்சு'னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் எதோட ஒப்பிட்டுச் சொல்வாங்க? இப்போ அளந்து வெச்சாத்தானே அப்போ ஒப்பிட முடியும்!

அதனால அந்தப் பக்கம் படிக்கிற, தங்கியிருக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு புராஜெக்ட் ஐடியா. மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே தேதியில, அதே போர்வெல் தண்ணியோட டி.டி.எஸ். பாருங்க. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஓகே, வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 2,000 வரை போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. ஒரு எச்சரிக்கை: அந்தக் குட்டி மீட்டர் தண்ணியில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பார்த்துத்தான் கணக்கு சொல்லும். எந்த உப்புன்னு தெரியாது, கிருமியும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல வீட்டு வாசல்ல சத்தத்தைக் குறிச்சு வைங்க. குடியிருப்புப் பகுதிக்கு விதி 45 டெசிபல். செல்போன் ஆப் துல்லியமா காட்டாது, ஆனா அதே போனை, அதே இடத்துல வெச்சுப் பார்த்தா ஏறுதா இறங்குதான்னு தெரியும். 'சமீர்' ஆப்ல காத்து மார்க்கைப் பார்க்கிறப்போ, அந்த மீட்டர் உங்க தெருவுல இருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு பக்கத்துல எழுதுங்க.

கூடவே மீட்டரே இல்லாத பேப்பர் சிலது இருக்கு. தெருவுல எத்தனை 'டு-லெட்' போர்டு, காலை ஷிஃப்ட்டுக்கு எத்தனை கம்பெனி பஸ், எத்தனை மெஸ் ஷட்டர் திறந்திருக்கு... இதையும் அதே நோட்டுலயே, தனித்தனி பத்தியில எழுதுங்க. தயவுசெஞ்சு கடைசியில கூட்டிடாதீங்க!