இயர்பட்ஸில் 'கீச்' சத்தமா? தூக்கி எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இன்று மளிகைக் கடைகளில் பாதி ஆர்டர் செல்போன் மூலமாகத்தான் வருகிறது. ஒரு கையில் பொட்டலம், மறு கையில் தராசு என்று நிற்கும் வியாபாரிக்குப் போனைக் காதில் வைத்துப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே கம்பியில்லாத இயர்பட்ஸ் கடை வீதியில் எங்கும் பரவிவிட்டது. கடைச் சந்தடியையும் லாரி இரைச்சலையும் குறைத்துக் கொடுக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' வசதி உள்ளவற்றைப் பலர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். காதுக்குள் விசில் அடிப்பது போல, கொசு பறப்பது போல, ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கிறது என்கிறார்கள். இதை அற்ப விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. உயர்ந்த சுருதியில் ஒரு சத்தம் இடைவிடாது கேட்டால், பேச்சில் உள்ள 'ச', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு போய்விடும். 'அறுபது மூட்டை' என்றாரா, 'எழுபது மூட்டை' என்றாரா என்று சந்தேகம் வந்தால், அந்தப் பத்து மூட்டையின் வண்டி வாடகையும் திருப்பி அனுப்பும் கூலியும் நம் தலையில்தான் விழும். அதோடு, எளிதில் சரியாகக் கூடிய கருவியைப் 'போய்விட்டது' என்று குப்பையில் போடுவதும் நஷ்டமே. எனவே இந்தச் சத்தம் ஏன் வருகிறது, எப்படிப் போக்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

இரைச்சலை நீக்குவது எப்படி?

இந்த யோசனை புதியதல்ல. ஜெர்மானியரான பால் லூக் என்பவர் 1936-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978-இல் விமானப் பயணத்தின்போது இன்ஜின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போகவே இதில் இறங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கும், 2000-இல் பொதுமக்களுக்கும் இத்தகைய ஹெட்போன்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வேலையை இன்று நெல்லிக்காய் அளவுள்ள இயர்பட்ஸ் செய்கிறது.

நமக்குப் புரியும்படி சொன்னால் இது பற்று வரவுக் கணக்குதான். சத்தம் என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. இயர்பட்ஸின் வெளிப்பக்கத்தில் ஒரு மைக் இருக்கிறது. உள்பக்கத்தில் காதை நோக்கியும் பெரும்பாலும் ஒரு மைக் இருக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை மைக் வாங்கியதும், உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான சத்தத்தைத் தயாரித்து ஸ்பீக்கர் வழியே விடுகிறது. 100 ரூபாய் வரவு எழுதிய அதே கணத்தில் 100 ரூபாய் பற்று எழுதினால் இருப்பு பூஜ்யம் ஆவதுபோல, காதில் அமைதி உண்டாகிறது.

இதில் முக்கியம், 'அதே கணத்தில்' என்பதுதான். பிரிட்ஜ், ஃபேன், ஜெனரேட்டர் போன்றவற்றின் தாழ்ந்த உறுமலில் ஓர் அலை முடிய நொடியில் 100-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பதில் கணக்கு எழுத அவகாசம் உண்டு. கீச்சென்ற சத்தத்திலோ ஓர் அலை நொடியில் 5,000-இல் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். பதில் இம்மியளவு தாமதமானாலும் பற்று எழுத வேண்டிய இடத்தில் வரவு விழுந்து, சத்தம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். ஆகவே இந்த வசதி பெரும்பாலும் தாழ்ந்த சத்தங்களை மட்டுமே கவனிக்கிறது. உயர்ந்த சத்தங்களைத் தடுப்பது காதை அடைத்து நிற்கும் ரப்பர் முனைதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கீச்சொலிக்கு மூன்று காரணங்கள்

முதலாவது, ஊளை. கூட்டத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனால் 'கூ' என்று அலறுவதைக் கேட்டிருப்போம். வயதானவர்கள் அணியும் காது கேட்கும் கருவி சரியாகப் பொருந்தாவிட்டால் விசில் அடிப்பதும் இதே காரணத்தால்தான். ரப்பர் முனை தளர்ந்திருந்தால் ஸ்பீக்கரின் சத்தம் வெளியே கசிந்து, வெளி மைக்கில் புகுந்து, மீண்டும் ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. இயர்பட்ஸின் மேல் உள்ளங்கையைக் குவித்து மூடும்போது சத்தம் அதிகமானால் இதுதான் காரணம் என்று அறியலாம்.

இரண்டாவது, அடைப்பு. காதின் குறும்பியும் தூசியும் சேர்ந்து மைக் துளையையோ ஸ்பீக்கர் வலையையோ அடைத்துவிடும். மைக் தவறாக வாங்கினால் சில்லு தவறாகத்தான் பதில் எழுதும். நம் தொழிலில் இது அதிகம். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மாவு, எண்ணெய்க் கை ஆகிய எல்லாம் அந்தச் சிறு துளைகளுக்குப் பகை.

மூன்றாவது, சத்தம் வெளியிலேயே இருப்பது. மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், பில் போடும் மிஷினின் அடாப்டர் முதலியவை சில சமயம் மெல்லிய கீச்சொலி எழுப்பும். ஃப்ரீசரின் உறுமல் அதை மூடி மறைத்திருக்கும். இயர்பட்ஸ் அந்த உறுமலை நீக்கிவிட்டால், மறைந்திருந்த கீச்சொலி தனியாகக் கேட்கத் தொடங்கும். இதில் கருவியின் மேல் குற்றம் இல்லை.

இவை தவிர, அமைதியான அறையில் நாய்ஸ் கேன்சலிங்கைப் போட்டதும் 'ஸ்ஸ்' என்று மெல்லிய ஓசை கேட்பது இயல்பு. அது மைக்கும் சில்லும் வேலை செய்யும் ஓசை. பாட்டோ பேச்சோ வந்தால் அது தெரியாது.

சோதிக்கும் முறை

எந்த இடத்தில் பழுது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்:

1. நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால், பழுது மைக் அல்லது பொருத்தத்தில் இருக்கலாம். வெளிச் சத்தமாகவும் இருக்கலாம். நிற்காவிட்டால் ஸ்பீக்கர், போன் அல்லது இணைப்பைப் பார்க்க வேண்டும்.

2. கடையை விட்டு வெளியே வந்து திறந்த வெளியில் கேளுங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் கடைக்குள் இருக்கும் விளக்கு, சார்ஜர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

3. இடது, வலது இரண்டையும் தனித்தனியே மாட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அடைப்பு அல்லது பழுது. இரண்டிலும் இருந்தால் பொருத்தமோ அமைப்போ காரணமாகலாம்.

4. வேறு போனில் இணைத்துப் பாருங்கள். ஒருவரோடு பேசும்போது மட்டும் வந்தால் குறை எதிர்முனையில் இருக்கலாம்.

5. கடையில் உள்ள இளவயதுப் பையனிடம் கேட்கச் சொல்லுங்கள் (ரப்பர் முனையை மாற்றிவிட்டுத்தான்). வயது ஏற ஏற உயர்ந்த சுருதி நமக்குக் கேட்பது குறைகிறது. நமக்குக் கேளாத கீச்சொலி அவனுக்குக் கேட்கும்.

சரி செய்யும் முறை

முதலில் ரப்பர் முனையைக் கவனியுங்கள். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று 3 அளவுகள் பெரும்பாலும் வரும். பலர் பொருத்தியிருக்கும் நடுத்தர அளவையே கடைசி வரை பயன்படுத்துகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. காதில் வைத்துச் சற்றே திருகினால் வெளிச் சத்தம் சட்டென்று குறைய வேண்டும். குறையாவிட்டால் அளவை மாற்றுங்கள். ரப்பர் கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால் புதியது வாங்குங்கள். அதன் விலை கருவியின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

அடுத்தது சுத்தம். ரப்பர் முனையைத் தனியே கழற்றி வெறும் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கருவியைத் தண்ணீரில் காட்டக் கூடாது. வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் துடைத்தால் தூசி கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் தூசி உள்ளேதான் போகும். ஊசி, குண்டூசி, பல் குத்தும் குச்சி ஆகியவற்றால் குத்தினால் வலை கிழிந்துவிடும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் ப்ளோயரும் கூடாது.

வியர்வையோ மழையோ பட்டிருந்தால் துடைத்துவிட்டுக் காற்றாட வைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே சார்ஜ் பெட்டியில் வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசியில் தவிட்டுத் தூசி உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல; அது துளைகளை மேலும் அடைக்கும்.

மூன்றாவது, மென்பொருள். தயாரிப்பாளரின் செயலியில் 'அப்டேட்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பிறகு போனின் புளூடூத் பட்டியலிலிருந்து கருவியை நீக்கி, கையேட்டில் உள்ளபடி 'ரீசெட்' செய்து மீண்டும் இணையுங்கள். சார்ஜ் முழுதாக ஏற்றிவிட்டும் ஒரு முறை பாருங்கள்.

எங்கள் வீதியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர், வலது பக்கம் விசில் அடிக்கிறது என்று நாலாயிரம் ரூபாய் ஜோடியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கக் கிளம்பினார். வெளி மைக் துளையில் மஞ்சள் தூளும் எண்ணெயும் சேர்ந்து பசை போல் அடைத்திருந்தது. துடைத்து, ஒரு அளவு பெரிய ரப்பர் போட்டதும் சத்தம் நின்றது. இன்றும் அதில்தான் ஆர்டர் எடுக்கிறார்.

எல்லாம் செய்தும் போகாவிட்டால்

அப்போது உற்பத்திக் குறையாக இருக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. ஆப்பிள் நிறுவனம் 2020 அக்டோபரில், அந்த மாதத்திற்கு முன் தயாரான ஏர்பாட்ஸ் ப்ரோ கருவிகள் சிலவற்றில் கரகரப்பும் இரைச்சல் நீக்கக் குறையும் இருப்பதாக அறிவித்து, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. ஆகவே வாரண்டி காலம் இருக்கும்போது கருவியைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் உரிமை போய்விடும். ஜி.எஸ்.டி. பில், பெட்டி, அதிலுள்ள வரிசை எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பில் இல்லாத சரக்கை நாமே திருப்பி எடுப்பதில்லை அல்லவா? விற்றவர் கவனிக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 'இ.என்.சி.' என்று இருந்தால், அது நம் பேச்சு எதிர்முனையில் தெளிவாகக் கேட்பதற்கான வசதி மட்டுமே. நம் காதுக்கு அமைதி தருவது 'ஏ.என்.சி.'. இரண்டும் ஒன்றல்ல.

காதுக்கும் கவனம்

இயர்பட்ஸைக் கழற்றிய பிறகும் கீச்சொலி தொடர்ந்தால், அது கருவியின் சத்தம் அல்ல; வெளியிலும் சத்தம் இல்லையென்றால் காதின் சத்தமாக இருக்கலாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு காது திடீரென்று மந்தமானால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கீச்சொலியை அமுக்க வால்யூமைக் கூட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லாரி பின்னால் வரும் இடத்திலும், மூட்டை இறங்கும் இடத்திலும், வண்டி ஓட்டும்போதும் கருவியைக் கழற்றிவிடுவதே நல்லது.

கடைசியாக ஒரு வார்த்தை. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எண்ணிக்கையையும் விலையையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாரம் ஒரு முறை, வார விடுமுறைக்குக் கடை அடைக்கும் முன் தராசைத் துடைக்கும்போதே இயர்பட்ஸையும் துடைத்து வைத்தால், இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராமலே போகும்.